சாய ஆலைக் குழாய்களில் ஃபிளேஞ்ச் உலோகம்: பல வருட ஓட்டத்தில் எது நின்றது, எது அரித்தது

திருப்பூர், பெருந்துறை சாய ஆலைகளில் குழாய் ஓட்டை விழுவதைவிட ஜாயிண்ட், அதாவது குழாய்களைப் போல்ட்டால் சேர்க்கும் ஃபிளேஞ்ச் வளையம், ஒழுகுவதுதான் அதிகம். நடுவே உள்ள கேஸ்கட்டை (கசிவை அடைக்கும் வளையத்தை) மாற்றுவார்கள், போல்ட்டை இன்னும் ஒரு சுற்று இறுக்குவார்கள். மறுபடி ஒழுகினால் ‘எல்லாத்தையும் 316 ஆக்கிடுங்க’ என்று சொல்லிவிடுவார்கள். 316 (மாலிப்டினம் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) நல்ல உலோகம்தான். ஆனால் ஒரே காம்பவுண்டுக்குள் ஸ்டீம், காஸ்டிக், பெராக்சைடு, ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்), உப்புத் தண்ணீர் எல்லாம் ஓடும்போது எல்லாவற்றுக்கும் ஒரே கிரேடு என்பது சில இடத்தில் வீண் செலவு, சில இடத்தில் ஆபத்து.

முதலில் ஸ்டீம் லைன். இங்கே ஏ105 ஃபோர்ஜிங்கை (அடித்து உருவாக்கின கார்பன் ஸ்டீலை) அடித்துக்கொள்ள ஆள் இல்லை. சாச்சுரேட்டட் ஸ்டீமில், கண்டன்சேட் (குளிர்ந்து தண்ணீரான ஸ்டீம்) தேங்காமல் அதை வெளியேற்றும் ஸ்டீம் ட்ராப் ஒழுங்காக வேலை செய்தால், உள்பக்கம் கறுப்புப் படலத்தோடு வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். பலர் கவனிக்காத விஷயம் அழுத்த அட்டவணையில் இருக்கிறது. ஃபிளேஞ்சுக்கான ஏஎஸ்எம்இ தரமான பி16.5 படி கிளாஸ் 150 (அழுத்த வகுப்பு) ஏ105 ஃபிளேஞ்ச் 38 டிகிரியில் 19.6 பார் தாங்கும். 200 டிகிரியில் அது 13.8 பார்தான். அதே கிளாஸ் 150 எஃப்316எல் (கார்பன் குறைந்த 316 ஃபோர்ஜிங்) என்றால் 15.9 பாரில் தொடங்கி 200 டிகிரியில் 11.2 பாருக்கு இறங்கிவிடும். விலை கூடின உலோகம் போட்டு வலுவைக் குறைத்துக்கொள்கிற வேலை இது. 10.5 கிலோ (சதுர செ.மீ.க்கு, ஏறக்குறைய அதே அளவு பார்) பாய்லருக்கு ஏ105 கிளாஸ் 150 தாராளம். 316எல் போட்டால் கையில் மிச்சம் சுமார் ஒரு பார்தான். 17.5 கிலோ பாய்லர் என்றால் ஸ்டீம் 208 டிகிரியைத் தொடும். அங்கே இரண்டுமே கிளாஸ் 150-இல் போதாது, கிளாஸ் 300 வேண்டும்.

ஸ்டீம் லைனில் ஸ்டெயின்லெஸ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் வெளியே இருக்கிறது. சாய ஆலையின் கூரைக்குக் கீழே உப்பு ஆவியும் ஹைப்போ சொட்டும் சகஜம். அது இன்சுலேஷனுக்குள் இறங்கி, சூட்டில் வற்றி, குளோரைடாகச் சேரும். 60 டிகிரிக்கு மேல் 304-ம் 316-ம் அந்த நிலையில் முடிபோல விரிசல் விடும். கார்பன் ஸ்டீல் துருப்பிடித்தாவது எச்சரிக்கும். ஸ்டெயின்லெஸ் சொல்லாமல் கொள்ளாமல் பிளக்கும்.

3.5 கிலோவுக்கு மேற்பட்ட ஸ்டீம் லைன் ஐ.பி.ஆர். (இந்திய பாய்லர் விதிமுறை) வரம்புக்குள் வரும். படிவம் 3-சி (தயாரிப்பு, சோதனைச் சான்று) இல்லாத ஃபிளேஞ்சை அங்கே ஏற்றவே கூடாது. பட்டறையில் தகடு வெட்டித் துளை போட்ட பிளேட் ஃபிளேஞ்ச் கூலிங் வாட்டருக்கு ஓகே, ஸ்டீமுக்கு இல்லை. தகட்டின் நடுவில் லேமினேஷன் இருந்தால் வெல்டு செய்கிற சூட்டில் அது வாய் திறக்கும்.

பெராக்சைடு, காஸ்டிக் டோசிங் லைனில் 304எல் போதும். காஸ்டிக்கைக் குளிர்ந்த நிலையில் கார்பன் ஸ்டீலும் தாங்கும். ஆனால் இங்கே கணக்கு ஃபிளேஞ்ச் ஆயுள் அல்ல, துணி. இரும்புத் துரு கொஞ்சம் பிளீச்சிங் பாத்துக்குள் போனாலும் அந்த இடத்தில் பெராக்சைடு வேகமாகச் சிதைந்து துணியில் பொடி ஓட்டை விழும். பின்னல் துணியில் ஓட்டை தெரிந்தால் நிட்டிங்காரரைத் திட்டுவதற்கு முன் தண்ணீர் லைனில் எங்காவது மைல்டு ஸ்டீல் ஃபிளேஞ்ச் ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உண்மையான சோதனை ஆர்.ஓ. ரிஜெக்ட் லைனிலும் (வடிகட்டலில் மிஞ்சும் உப்புத் தண்ணீர்) எவாப்பரேட்டர் ஃபீடிலும்தான் (அதைக் காய்ச்சி வற்றவைக்கும் கருவிக்குப் போகும் லைன்). சாயத்துக்குப் போட்ட உப்பெல்லாம் இங்கேதான் திரண்டு வருகிறது. 316எல் குழாய் உள்ளே பளபளவென்று இருக்கும். ஜாயிண்டைக் கழற்றி கேஸ்கட்டை உரித்தால், ரெய்ஸ்டு ஃபேஸில் (கேஸ்கட் உட்காரும் மேடான முகத்தில்) துவாரத்தை ஒட்டிப் பிறை வடிவில் ஒரு கறுப்புத் தடம் தெரியும். ஸ்க்ரைபர் முனையை அங்கே வைத்தால் உள்ளே இறங்கும். கேஸ்கட்டுக்கும் முகத்துக்கும் நடுவே சிக்கின தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து, அமிலத்தன்மை ஏறி, உலோகத்தைக் காக்கும் படலம் புதுப்பிக்க முடியாமல் அரிக்கிறது. ஓடுகிற தண்ணீரில் தப்பிக்கிற உலோகம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். குழாய்க்குப் பொருந்தின கிரேடு ஃபிளேஞ்சுக்கும் பொருந்தும் என்று நினைப்பதில்தான் தவறு. கிராஃபைட் கேஸ்கட் போட்டால் இன்னும் மோசம். உப்புத் தண்ணீரில் கிராஃபைட் ஸ்டெயின்லெஸ்ஸை அரிக்கத் தூண்டும். பிடிஎஃப்இ (டெஃப்லான்) ஃபில்லர் உள்ள ஸ்பைரல் வூண்டு (உலோகச் சுருள் கேஸ்கட்) பரவாயில்லை.

அங்கே போக வேண்டியது டூப்ளெக்ஸ் (குரோமியம் கூடின ஸ்டெயின்லெஸ் வகை; எஃப்51, எஃப்60 அதன் கிரேடுகள்). குரோமியம், 3.3 மடங்கு மாலிப்டினம், 16 மடங்கு நைட்ரஜன் மூன்றையும் கூட்டுகிற பழைய அரிப்பு எதிர்ப்புக் கணக்கைக் (எண் கூடினால் நல்லது) கிரேடின் கீழ் வரம்பு அளவுகளுக்குப் போட்டால் 316எல் 22.6, எஃப்51 சுமார் 30.5, எஃப்60 சுமார் 34. எஃப்51, எஃப்60 இரண்டையும் கடையில் ‘2205’ என்றே சொல்வார்கள். ஆர்டரில் எஃப்60 என்று எழுதுங்கள். எவாப்பரேட்டரின் கொதிக்கிற அடர் உப்புப் பகுதிக்கு டைட்டானியம் கிரேடு 7 அல்லது 12-ஐ யோசிக்கலாம். ஹைப்போவுக்கு எந்த 316-ம் வேண்டாம்: சிபிவிசி அல்லது எச்டிபிஇ குழாய், ஸ்டப் எண்டுக்குப் (குழாய் நுனியில் சேர்க்கும் விளிம்புள்ள துண்டு) பின்னால் எபாக்சி பூசின மைல்டு ஸ்டீல் பேக்கிங் ஃபிளேஞ்ச். ஸ்கேல் படிவை உப்பு அமிலத்தால் கழுவுகிற வழக்கம் இருந்தால் ஸ்டெயின்லெஸ் லைனில் நிறுத்திவிடுங்கள், சல்ஃபாமிக் போதும்.

காசு மிச்சம் பிடிக்க ஒரு நேர்மையான வழி லேப் ஜாயிண்ட். தண்ணீர் தொடுகிற ஸ்டப் எண்ட் மட்டும் டூப்ளெக்ஸ், பின்னால் சுழலும் வளையம் ஏ105. 6 அங்குலத்துக்கு மேல் போகும்போது வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

போல்ட்டில் பி7 ஸ்டட்டும் (அலாய் ஸ்டீல்) 2எச் நட்டும்தான் பொது விதி. பி7-இன் யீல்டு (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) 720 எம்பிஏ. ஸ்டெயின்லெஸ் ஃபிளேஞ்சுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் என்று கண்ணை மூடிக்கொண்டு பி8 கிளாஸ் 1 வாங்கினால் யீல்டு 205 மட்டுமே. கேஸ்கட் உட்காரும் முன் போல்ட் நீண்டுவிடும், மரை சிக்கி ஸ்பேனரோடு முறியவும் செய்யும். ஈரமான இடத்தில் ஸ்டெயின்லெஸ்தான் வேண்டும் என்றால் பி8எம் கிளாஸ் 2, மரையில் ஆன்டி-சீஸ் (சிக்காமல் காக்கும் பசை) தடவி.

சரக்கு வந்ததும் காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மலிவான 202-ம் காந்தத்தில் ஒட்டாது, 304-ம் ஒட்டாது. அந்தச் சோதனையால் ஒன்றும் தெரியாது. கையடக்க எக்ஸ்ஆர்எஃப்பில் (உலோகக் கலவையைக் காட்டும் எக்ஸ்ரே கருவி) நிக்கல் 8 சதவீதத்துக்குக் கீழே, மாங்கனீஸ் 2 சதவீதத்துக்கு மேலே காட்டினால் 304 இல்லை. 316-க்கு மாலிப்டினம் 2-க்குக் குறையக்கூடாது. கார்பனை அந்தக் கருவி படிக்காது, அதனால் 304-ஆ 304எல்-ஆ என்று சொல்ல முடியாது, அதற்குத் தயாரிப்பாளரின் 3.1 சான்றிதழில் உள்ள ஹீட் நம்பரும் (எந்த உருக்கில் வந்தது என்ற எண்) ஃபிளேஞ்ச் விளிம்பில் குத்தின ஹீட் நம்பரும் ஒத்துப்போக வேண்டும். எண் குத்தாமல் பெயிண்டில் எழுதி வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியாக ஹைட்ரோ டெஸ்ட். திருப்பூர் போர் தண்ணீரை நிரப்பி அழுத்தம் பார்த்துவிட்டு, கமிஷனிங் தள்ளிப்போனது என்று மாதக்கணக்கில் அப்படியே விட்ட புது ஸ்டெயின்லெஸ் லைன், ஓடும் முன்பே வெல்டு ஓரத்தில் குத்து விழுந்து நிற்கும். ஆர்.ஓ. பெர்மியேட் (வடிகட்டி வந்த சுத்தமான) தண்ணீரில் டெஸ்ட் செய்யுங்கள், குளோரைடு 50 பிபிஎம்முக்குக் கீழே. அன்றே வடித்து, காற்றடித்து உலர்த்திவிடுங்கள்.