பாட்டுக் கேட்கப் போவதென்றால் மன்னார்த் தீவா, முல்லைத்தீவா?

வன்னிக்குள்ளேயே கடற்கரையும் கூத்தும் பாட்டுமாக மூன்று நாள் கழிக்க விரும்புகிறவர்களுக்கு இந்த இரண்டு இடங்களும்தான் முதலில் மனதில் வரும். மன்னார் உண்மையான தீவு. தள்ளாடி தாண்டிப் பாலத்தால் போகவேண்டும். முல்லைத்தீவு பெயரில் மட்டும் தீவு. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக ஏறக்குறைய 50 கிலோமீற்றர்.

எங்கே போனாலும் வேலையோடு பாடும் தொழிற்பாட்டை நம்பிப் போகாதீர்கள். அம்பா, கரைவலை இழுக்கும் கைகளுக்கான பாட்டு. ஒருவர் அடி எடுப்பார், மற்றவர்கள் 'ஏலேலோ' என்று வாங்கி அந்த மூச்சிலேயே கயிற்றை இழுப்பார்கள். முல்லைத்தீவுக் கரையில் உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் (கயிறு சுருட்டும் பொறி) வலையை இழுக்கத் தொடங்கிய இடங்களில் அந்த மூச்சுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வெட்டு மெசின் வந்த வயலில் அரிவி வெட்டுப் பாட்டுக்கும் இதே கதிதான். பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு போன்ற வயற்பாட்டுகள் எல்லாம் இன்று முதியவர்களின் நினைவில் இருக்கின்றன. பின்னேரம், வேலை முடிந்த நேரத்தில் போய், அவசரமில்லாமல் இருந்து கேட்டால்தான் வாய் திறப்பார்கள்.

ஆகவே போட்டி கூத்தில்தான்.

முல்லைத்தீவின் பலம் கோவலன் கூத்து. அதற்கென்றே முல்லைமோடி என்ற ஆட்டமுறை உண்டு. வைகாசியில் போவது நல்லது: கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் உப்புநீரில் விளக்கெரித்து, பிறகு திங்கட்கிழமை வற்றாப்பளையில் கண்ணகி அம்மன் பொங்கல். அந்த நாள்களில் மீன், இறைச்சி என்று மச்சச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகவேண்டாம். 2009இல் போர் முடிந்த மே 18ஐ ஒட்டிய நாள்கள் அந்தக் கரைக்குத் துக்க நாள்கள். பொங்கல் அதற்குக் கிட்ட வந்தால் பாட்டுக் கேட்கும் ஆசையை அடக்கிக்கொண்டு போங்கள்.

மன்னாரில் கூத்து கத்தோலிக்கக் கோயிலைச் சார்ந்தது. வடபாங்கு, தென்பாங்கு என ஆடிப் பாடும் முறை இரண்டு. புனிதர்களின் கதைகளே பெரும்பாலும். அதில் நாடகம் என்ற வகை நீளமானது, வாசாப்பு என்ற வகை அதைச் சுருக்கி ஒரே இரவில் முடிப்பது. தவக்காலத்தில் யேசுவின் பாடுகளைப் பாடும் பசாம் கேட்கலாம். ஒப்பாரி போல இழுத்துப் பாடும் அந்த ராகத்துக்காகவே பேசாலைப் பக்கம் போகலாம். எந்தக் கோயிலில் எப்போது என்பதைக் கோயில் காரியம் பார்க்கும் மூப்பரிடம் கேளுங்கள், சுவரொட்டியை நம்பாதீர்கள்.

இரண்டு இடத்திலும் கூத்து ஆடும் களரியில் அண்ணாவியாரும் (கூத்தைப் பழக்கி நடத்தும் ஆசான்) மத்தளமும் இருக்கும் பக்கமாக இடம் பிடியுங்கள். ஒலிபெருக்கிக்குக் கிட்ட இருந்தால் மத்தளத்தின் தொப்பிப் பக்கத்துத் தடித்த சத்தம் அமுங்கி, தாளம் மட்டும் காதைக் குத்தும். விடியும்வரை இருக்க ஒரு பாய், பனிக்கு ஒரு போர்வை, நுளம்புக்கு மருந்து. பதிவுசெய்ய முன் அண்ணாவியாரிடம் கேளுங்கள்.

சனங்களைப் பொறுத்தவரை வித்தியாசம் சிறிது. 'எவ்விடம் நீங்கள்?' என்று கேட்டால் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல் ஆருடைய பிள்ளை என்பதையும் சொல்லுங்கள். தேத்தண்ணி தானாக வரும். போரில் ஆரை இழந்தீர்கள் என்று நீங்களாகக் கேட்கவேண்டாம்.

பிள்ளைகளோடு போகிறவர்கள் மன்னாருக்குப் போகலாம்: நகரில் தங்க இடம் கிடைக்கும், பள்ளிமுனைப் பெருக்க மரமும் (பாவோபாப்) தெருவெல்லாம் கழுதைகளும் பகலை நிரப்பும். பாட்டுக்காக மட்டும் என்றால், வைகாசியில் முள்ளியவளை.