ராத்திரி மட்டும் குட்டியப் பிரிச்சு காலைல கறக்குறது: அஞ்சு வருஷ அனுபவம்

திருநெல்வேலி மானூர் பக்கம் வானம் பாத்த பூமி எங்களுது. கொட்டில்ல இப்ப கறவைக்கு மூணு தலச்சேரி வெள்ளாடு, ஒரு கன்னி ஆடு, போக குட்டிங்க. அஞ்சு வருஷத்துல பதினேழு ஈத்து பாத்தாச்சு. குட்டிக்கும் பால் வேணும், வீட்டுல டீக்கும் வேணும், இத எப்பிடிப் பங்கு போடுறதுன்னு மூணு விதமா செஞ்சு பாத்துட்டேன், அதத்தான் எழுதுதேன்.

மொத வருஷம் குட்டிய தாய்கூடயே விட்டுட்டு மிச்சத்தக் கறந்தோம். மிச்சம்னு ஒண்ணு இருந்தாத்தான? காலைல செம்பத் தூக்கிட்டுப் போனா மடி வத்தித் தொங்கும், குட்டி ரெண்டும் வயிறு உப்பி வெயில் காஞ்சிட்டுக் கெடக்கும். 100 மில்லி கெடச்சா அன்னைக்கு தீவாளி. கறவை கெடக்கட்டும்னு விட்டிருந்தாலும் பரவால்ல, இதுல வேற ஒரு ஏழரை வந்துச்சு. செவலைன்னு ஒரு தலச்சேரி, அந்தத் தடவ ஒத்தக்குட்டி போட்டிருந்துச்சு, குட்டி எந்நேரமும் வலது காம்புலயே தொங்கும், இடது பக்கத்த யாரும் சட்ட பண்ணல. ஒம்பதாம் நாளு பாத்தா இடது மடி கல்லு மாதிரி, தொட்டா சுடுது, பீச்சுனா தண்ணியும் தயிர்த்துண்டுமா வருது, மடிநோய். பக்கத்துல ஒரு மருந்துக்கடையில மாட்டுக்குக் காம்பு வழியா ஏத்துற மருந்து ட்யூப்ப எடுத்துக் குடுத்து பாதி ஏத்துங்க சரியாயிரும்னாவ, அத நம்பி ரெண்டு நாளக் கடத்திட்டேன். அப்புறம்தான் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு ஆட்டோல ஏத்திட்டுப் போனது. ஆடு பொழச்சுது, அந்தப் பக்கம் மடி அதோட செத்துச்சு. இன்னைக்கும் செவலைக்கு ஒத்தக் காம்புதான் பால். சோத்துக்கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைச்சுப் பூசுறது வீக்கத்துக்கு நல்லாத்தான் கேக்கும், ஆனா டாக்டர்ட்ட போறதுக்குப் பதிலா அது இல்ல.

அதுலருந்து ஒத்தக்குட்டி போட்டா மொத ரெண்டு வாரம் குட்டி தொடாத பக்கத்த நானே தெனமும் பீச்சி எறக்கிருவேன், மடி தளர்ற அளவுக்கு மட்டும்.

ரெண்டாவது வருஷம் ஒரு வேகத்துல பொறந்த அன்னைக்கே பிரிச்சு பாட்டில்ல வளக்கலாம்னு எறங்குனேன். பால் என்னமோ நெறைய கெடச்சுது, ரெண்டு நேரமும் அளந்து கறக்கலாம், எந்தக் குட்டி எவ்வளவு குடிச்சுதுன்னு கணக்கு சுத்தமா இருக்கும். ஆனா மொத வாரம் நாளுக்கு நாலு தடவ, ராத்திரி பதினோரு மணிக்கும் எந்திரிச்சு பால வெதுவெதுன்னு சுட வச்சு, பாட்டில் கழுவி, ரப்பர் காம்பு கழுவி... வேற சோலி இல்லாதவங்களுக்குச் சரி. ஒரு குட்டிய நானே கொன்னேன்னு சொல்லணும். அவசரத்துல தலைய ரொம்ப அண்ணாத்திப் புடிச்சு ஊத்திட்டேன், பால் நுரையீரலுக்குப் போயிருச்சு, ரெண்டு நாள் கொற கொறன்னு மூச்சு வாங்கி போயிருச்சு. குட்டி தாய்ட்ட எப்பிடிக் குடிக்குமோ அதே ஒசரத்துல, கழுத்து லேசா ஏறுனாப் போதும். அது அதுவா உறிஞ்சணும், நாம ஊத்தக்கூடாது.

மூணாவது முறைதான் இப்பவும் ஓடுது. பகல் பூரா குட்டி தாய்கூட. பதினஞ்சு நாளு கழிஞ்ச பொறவு ராத்திரி ஒம்பது மணிக்குப் பிரிச்சு காலைல ஆறு மணிக்குக் கறவை, கறந்ததும் குட்டிய அவுத்து விட்டுருவேன். எங்க தாத்தா கொடாப்புல, அதான் குட்டிய அடைக்கிற பெரிய கூடைல, போட்டு மூடுவாவ, நான் கொட்டிலுக்குள்ளயே கம்பி வலை அடிச்சு தடுத்திருக்கேன், தாயும் குட்டியும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிடலாம், மோந்துக்கிடலாம். மொத மூணு ராத்திரி கத்து கத்துன்னு கத்தும், பக்கத்து வீட்டு மைனி கேட்டே புட்டாவ, ஏன் இப்பிடிப் படுத்துதீயன்னு. நாலாம் நாள் அடங்கிரும்.

இந்தப் பதினஞ்சு நாளுல ஏமாந்துரக்கூடாது. பொறந்து ஒரு மணி நேரத்துக்குள்ள சீம்பால் உள்ள போயிரணும். எங்க அத்தை நஞ்சுக்கொடி விழுந்தாத்தான் குட்டிய குடிக்க விடணும்பாவ, இந்தப் பக்கம் நெறைய வீட்டுல இதான் பழக்கம். நஞ்சு விழ பன்னெண்டு மணி நேரங்கூட ஆகலாம், அது வரைக்கும் குட்டி பட்டினியா? வெள்ளாட்டுக் குட்டிக்கு நோய் எதிர்ப்பு தாய் வயித்துல இருக்கும்போது வராது, சீம்பால்லதான் வரும், குடல் அத உள்ள வாங்குறதும் மொத நாளு மட்டுந்தான். போதாததுக்கு குட்டி முட்டிக் குடிச்சாத்தான் நஞ்சே வெரசா விழும். ரெண்டு கிலோ குட்டின்னா மொத நாள் மொத்தமா 200 மில்லியாவது போகணும். குட்டி வாய் வைக்க முந்தி நான் ரெண்டு காம்பயும் ஒரு தடவ பீச்சி விட்டுருவேன், நுனில மெழுகு மாதிரி அடைச்சிருக்கும், சொங்கிக் குட்டிக்கு அத உறிஞ்சி எடுக்கத் தெம்பு இருக்காது.

கறவைல செவலை ரொம்ப வெவரம், பால ஏத்தி வச்சுக்கிடும், குட்டிக்கு. அதுக்கு ஒரே வழி, குட்டிய அவுத்து நாலு முட்டு முட்ட விட்டு, காம்பு பொடச்சதும் பைய எடுத்துறணும், எதுக்க பருத்திக்கொட்டையும் மக்காச்சோள மாவும் வச்சுட்டு ஒக்காந்தா சுரப்பு விட்டுரும். காம்ப இழுக்கக்கூடாது, பெருவெரலும் ஆள்காட்டி வெரலும் மேல அடச்சுக்கிட்டு மத்த வெரல ஒண்ணொண்ணா மூடணும். மொத ரெண்டு பீச்சு கறுப்புத் துணில, பால்ல திரிதிரியா கட்டி இருந்தா அதுலயே தெரிஞ்சிரும். சில பேரு குட்டி குடிக்காம இருக்க காம்புல சாணியப் பூசுதாவ, மடிநோய்க்கு வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற மாதிரிதான் அது. கறந்ததும் அயோடின்ல காம்ப முக்கச் சொல்லுவாவ, நல்லதுதான், ஆனா அடுத்த நிமிஷமே குட்டி வாய் வைக்கப் போவுதுன்னா எதுக்கு? குட்டிய முழுசாப் பிரிச்ச பொறவுதான் நான் முக்குதேன், முக்குனதும் அகத்திக் கொழைய கட்டித் தொங்க விட்டுருவேன், காம்புத் தொளை மூடுற வரைக்கும் அரை மணி நேரமாவது நின்னுட்டு இருக்கணும், ஒடனே தரையில படுத்துறக்கூடாது.

அளவுன்னு பாத்தா மத்த ரெண்டு தலச்சேரியும் காலைல மட்டும் 600, 700 மில்லி தருது, செவலை ஒத்தக் காம்புல 350. கன்னி ஆட்ட இதுல இழுக்காதீங்க. பால்கன்னி, செங்கன்னின்னு பாக்க லெச்சணமா இருக்கும், ரெட்டக்குட்டி சாதாரணமாப் போடும், ஆனா நம்ம திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ச் சீமைல அது கறிக்கு வளந்த ஆடு, பால் குட்டிக்கே சரியாப் போவும். ராத்திரி பிரிச்சுப் பாத்தேன், ஒரு டம்ளர் பாலுக்கு குட்டி ரெண்டும் வாடிப்போச்சு.

கடைசில எனக்குக் காசு தர்றது குட்டிதான். மேலப்பாளையம் சந்தைல எடையப் பாத்துத்தான் வெல பேசுவாவ, நீ எவ்வளவு பால் கறந்தன்னு எவனும் கேக்க மாட்டான். அதனால வெள்ளிக்கெழம தோறும் குட்டிய சாக்குப்பைல போட்டு தொங்கு தராசுல மாட்டிருவேன். தலச்சேரிக் குட்டி நாளுக்கு 100 கிராம் ஏறுனா திருப்தி. 70க்குக் கீழ போனா அந்த வாரம் ராத்திரி பிரிப்பு கெடையாது, கருப்பட்டிக் காப்பியக் குடிச்சுட்டுக் கெடக்க வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலயும் சின்னக் குட்டியப் பிரிக்க மாட்டேன், ஈரத்துல தாய்ச்சூடு இல்லாம சுருண்டுரும், கழிச்சலும் அப்பத்தான் வரும். மூணு மாசத்துல முழுசாப் பிரிக்கிறது, அதுக்குள்ள கொழை கடிச்சுப் பழகியிருக்கும்.

அந்த ரெண்டாவது வருஷத்துப் பாட்டில் குட்டில ஒண்ணு, பொட்ட, விக்காம வச்சிருந்தேன். இப்ப அது ரெண்டாம் ஈத்து, கயிறு வேண்டாம், முன்னால தீனி வேண்டாம், பலகைல தானா ஏறி நிக்கும், மூணு நிமிஷத்துல கறந்து எறங்கிரலாம், வீட்டுலயே சுளுவான கறவை அதுதான். என்ன ஒண்ணு, சாயந்தரம் ஆறு மணியானா இன்னமும் அடுப்பாங்கர வாசல்ல வந்து முட்டுது.