பாண்டில "பிரெஞ்சுக்காரர் விட்டுட்டுப் போன" ஹேங்கிங் லைட் வாங்கப் போறீங்களா, ஒரு நிமிஷம்

நம்ம வீடு கடலூர் மஞ்சக்குப்பம். டைனிங் டேபிளுக்கு மேல கலரா ஒரு லைட் தொங்கணும்னு வீட்ல ஆசைப்பட்டாங்க, பாண்டில பழைய சாமான் விக்கிற ஒரு கடைல ஆரஞ்சு கலர்ல, தட்டு தட்டா அடுக்குன மாதிரி ஒண்ணு இருந்துச்சு. "சார் இது டென்மார்க் பிஎச் 5, பக்கா ஒரிஜினல், ஒயிட் டவுன்ல இருந்த பிரெஞ்சுக்காரர் 54ல கிளம்புறப்போ விட்டுட்டுப் போனது"ன்னு கடைக்காரர் அடிச்சு சொன்னார். 18,000 சொல்லி 14,000க்குக் குடுத்தார், பில்லுல வெறும் "லைட் 1"னு எழுதிட்டார்.

மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் தம்பி "அண்ணே, மேல ஃபுல்லா தகரம், எர்த் ஒயரே குடுக்கல, உள்ள சீரியல் செட் ஒயர் மாதிரி ஓடுது, இத நான் மாட்ட மாட்டேன்"னுட்டான். அப்புறம்தான் ஒவ்வொண்ணா நோண்டுனோம். பிஎச் 5 அலுமினியத்துல செய்யுறது, இதுல காந்தம் பச்சக்குனு ஒட்டுது. பெரிய தட்டு 50 செ.மீ. அகலம் இருக்கணும், பேர்ல இருக்கற 5 அதுதான், இது 38 கூட தேறல. டென்மார்க் டிசைனர் போல் ஹென்னிங்சன் அத டிசைன் பண்ணதே எந்தப் பக்கம் உக்காந்து பாத்தாலும் பல்பு கண்ணுல அடிக்கக் கூடாதுன்னுதான், இதுல சோறு சாப்பிட உக்காந்தா பல்பு நேரா மூஞ்சில. உள்ள செவப்பு, நீலம்னு சின்ன பாகங்கள் இருக்கும், இதுல ஹோல்டர் வரைக்கும் ஆரஞ்சு ஸ்ப்ரே.

எல்லாத்தையும் விட பெரிய கூத்து, அந்த மாடல் வந்ததே 1958ல. 54ல போனவர் எப்படிங்க விட்டுட்டுப் போவாருன்னு கேட்டா "அப்போ 62ல போனவரா இருக்கும் சார்"ங்கறார்! நல்லா ஹிஸ்டரி படிச்சிருக்கார் மனுசன். காப்பின்னு சொல்லி 2,000, 3,000க்கு வித்தா யார் கேக்கப் போறா.

"ஆன்டிக் ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது"ன்னு கைய விரிச்சிட்டார், இப்ப போனும் எடுக்கறதில்ல. நுகர்வோர் ஹெல்ப்லைன் நம்பர் 1915க்கு போன் பண்ணி புகார் குடுத்திருக்கேன். கடை பாண்டில இருந்தாலும் நாம இருக்கற மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், அதனால கடலூர்லயே போடப் போறேன். பில்லுல ஒண்ணும் இல்லன்னாலும் "ஒரிஜினல் டேனிஷ்"னு அவர் வாட்ஸ்அப்ல அனுப்புனது இருக்கு, பிரிண்ட் எடுத்து வச்சாச்சு.