மேட்டுப்பாத்தியை எதைப் போட்டு நிரப்புவது? மூன்று பாத்திகளின் வரவு செலவு

எட்டடி நீளம், நாலடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஹாலோ பிளாக் இரண்டு வரி, அதன்மேல் செங்கல் ஒரு வரி. இதே அளவில் மூன்று மேட்டுப்பாத்திகள் கோவைப் பக்கம் கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக இருக்கின்றன. சுவர் கட்டும்போது வராத தலைவலி, உள்ளே எதைப் போடுவது என்று யோசித்தபோது வந்தது. பெருக்கிப் பார்த்தால் 48 கன அடி, அதாவது சுமார் 1,360 லிட்டர். கடையில் விற்கும் தயார் மண்கலவை மூட்டை ஒன்றில் 35 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாத்திக்கே 39 மூட்டை வேண்டும். அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டேன்.

விட்டதற்கு விலை மட்டும் காரணமில்லை. அந்த மூட்டைகளைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள். பாத்தியோ கன அடிக் கணக்கில் நிரம்புவது. மழைக்காலத்தில் வாங்கிய 20 கிலோவில் தண்ணீர் எத்தனை கிலோ என்று யாருக்குத் தெரியும்? மண்ணோ உரமோ எதை வாங்கினாலும் எத்தனை லிட்டர், எத்தனை சட்டி என்று கேட்டு வாங்குவது நல்லது.

சரி, மூன்று பாத்தியையும் மூன்று விதமாக நிரப்பிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். முதலாவது செம்மண், இரண்டாவது கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) கலவை, மூன்றாவது அடியில் தேங்காய் உரிமட்டையும் சருகும், மேலே மண். ஒரே வெயில், ஒரே கிணற்றுத் தண்ணீர். கீழே சொல்லும் விலையெல்லாம் நான் கொடுத்தது. உங்கள் ஊரில் கூடும், குறையும்.

செம்மண் டிராக்டர் ஒரு நடை 3,500 ரூபாய். ஒரு யூனிட், அதாவது 100 கன அடி. அரை யூனிட் கொண்டுவரச் சொன்னால் யாரும் வருவதில்லை. கன அடிக்கு 35 ரூபாய் விழுகிறது. முதல் பாத்திக்கு 40 கன அடி மண், 1,400 ரூபாய். மட்கிய தொழு உரம் ஆறு மூட்டை, மூட்டை 80 ரூபாய் வீதம் 480. ஆக 1,880. ஒரே நாளில் வேலை முடிந்தது, மறுநாளே விதை போட்டேன். இதைவிடச் சுலபமான வழி இல்லை என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

மூன்றாவது வாரம் கோரை எட்டிப் பார்த்தது. வெண்டைக்கு முன்னால் அது முளைத்தது. பிடுங்கினால் புல் மட்டும் கையோடு வரும். கிழங்கு அரையடி ஆழத்தில் உட்கார்ந்திருக்கும், அதிலிருந்து ஒரு நூல் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒரு முழத்துக்குத் தோண்டியதில் கை நிறையக் கிழங்கு சேர்ந்தது. மண்ணோடு ஓட்டுத்துண்டும் சிமெண்ட் கட்டியும் வந்திருந்தன. மண் அடித்தவரிடம் கேட்டேன். “மண்ணுன்னா அப்படித்தாங்க இருக்கும்” என்றார். சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும் என்பது அவருக்குத் தேவையில்லாத விஷயம்.

இந்தப் பக்கத்தில் செம்மண் வாங்குகிறவர்கள், அது எங்கே வெட்டியது என்றும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தடாகம் பள்ளத்தாக்கில் செங்கல் சூளைகளுக்காக மண்ணை வெட்டி வெட்டி, அது வழக்காகி, 2021-ல் சூளைகள் மூடப்பட்டது கோவைக்காரர்களுக்குப் புதிதல்ல. குளத்து வண்டல் இன்னொரு வழி. அனுமதி வாங்கினால் விவசாயிகள் இலவசமாக அள்ளிக்கொள்ளலாம். ஆனால் அது நிலத்துக்கு அடிக்கிறவர்களுக்கான ஏற்பாடு. வீட்டுப் பாத்தி வைத்திருப்பவருக்கு, அனுமதி பெற்று அடிக்கும் விவசாயி யாராவது தெரிந்தவராக இருந்தால்தான் உண்டு. வண்டலைத் தனியாகப் போட்டால் காய்ந்ததும் ஓடு போல் வெடிக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

செம்மண் பாத்தியின் இன்னொரு குறை ஆனி, ஆடியில் தெரிந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இங்கே நேராக வந்து மோதும். நாலு நாள் காற்றில் மேல்மண் இறுகி, தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் ஓரமாக ஓடியது. ஒரு நன்மையும் உண்டு. ஒரு வருடத்தில் ஓரிரு அங்குலம்தான் தாழ்ந்தது.

இரண்டாவது பாத்திக்கு வருவோம். பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்கள் நிறைய. ஐந்து கிலோ கோகோபீட் பிளாக்கை மில்லிலேயே போய் 120 ரூபாய்க்கு வாங்கினேன். நகரத்துக் கடைகளில் இதுவே இரு மடங்கு சொல்வார்கள். ஒரு பிளாக்கை ஊற வைத்தால் 70 லிட்டர் வரை உப்பும். பத்து பிளாக் 1,200 ரூபாய், மண்புழு உரம் 250 கிலோ 2,500 ரூபாய், மீதியிருந்த செம்மண்ணில் 10 கன அடி 350 ரூபாய். மொத்தம் 4,050. முதல் பாத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கோகோபீட் மலிவு என்று சொல்கிறவர்கள், அதற்குச் சத்து கொடுக்க வாங்கும் உரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாரில் சத்து என்று பெரிதாக எதுவும் கிடையாது. அது தண்ணீரைப் பிடித்து வைக்கும் பஞ்சு, அவ்வளவுதான்.

பிளாக்கை ஊற வைத்து ஒரு தடவை அலசிவிட்டு அப்படியே போட்டது என் தவறு. கழுவிய தண்ணீர் டீ டிக்காஷன் நிறத்தில் இறங்கியது, போதும் என்று விட்டுவிட்டேன். கழுவாத நாரில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். அவற்றை வெளியே விட்டுவிட்டுக் கால்சியத்தை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தக்காளி நன்றாகக் காய்த்தது. ஆனால் நாலில் ஒரு காய்க்கு அடிப்பக்கம் கறுத்து, கட்டைவிரல் அழுத்திய மாதிரி குழிந்திருந்தது. பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டிருந்தேன். செடிக்குக் கால்சியம் போதாமல் வருவது அது என்று பிறகுதான் தெரிந்தது. மூன்று தடவை அலசி, ஒவ்வொரு தடவையும் தண்ணீரை முழுக்க வடித்திருக்க வேண்டும்.

வாங்கும்போது பிளாக்கில் குறைந்த உப்பு என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நார்க்கழிவை மூட்டைக் கணக்கில் மலிவாக வாங்க முடிந்தால், மட்க வைத்தே போடலாம். ஒரு டன்னுக்கு ஐந்து கிலோ யூரியாவும் ஐந்து பாட்டில் சிப்பிக்காளான் வித்தும் அடுக்கடுக்காகப் போட்டு ஈரமாக வைத்திருக்கும் முறையை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித் தருகிறது. செந்நிறம் போய்க் கறுப்பாகும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு மாதமாவது பிடிக்கும்.

கோகோபீட்டில் கண்ணை நம்பித் தண்ணீர் விடவும் கூடாது. மேலே வெளுத்துக் காய்ந்திருக்கும், விரலை விட்டால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே சொதசொதவென்று இருக்கும். மிளகாய் நாற்று இரண்டு வரிசை அழுகிய பிறகுதான் விரலை விட்டுப் பார்க்கப் பழகினேன். இவ்வளவு சொன்னாலும், பிடுங்க ஒரு கோரை கூட இல்லாத பாத்தி இதுதான். கேரட், முள்ளங்கி இதில் இறங்கியது போல மற்ற இரண்டிலும் இறங்கவில்லை.

மூன்றாவது பாத்தியை நிரப்பும்போது பக்கத்துத் தோப்புக்காரர் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். உரிமட்டையெல்லாம் அவர் கொடுத்ததுதான். வண்டி வாடகை 300 மட்டும் என் செலவு. நான் மட்டைகளைக் கவிழ்த்து அடுக்கிக்கொண்டிருந்தேன். “தம்பி, குப்புறப் போட்டா தண்ணி எங்க நிக்கும்? மல்லாத்தி அடுக்கோணும்” என்றார். தென்னைக்கு மட்டை புதைக்கிறவர்களுக்குக் கைவந்த வேலை இது: மரத்தடியில் மண்ணுக்கு மேல் மூடாக்காகப் பரப்பினால் குப்புற, மண்ணுக்குள் புதைத்தால் குழிந்த பக்கம் மேலே. ஒரு மட்டை தன் எடையைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு ஈரத்தைப் பிடித்து வைக்கும். கட்டையைப் புதைத்து மேலே மண் போட்டுப் பயிர் செய்வதை ஹூகல்குல்டூர் என்று ஜெர்மன் பெயரில் இப்போது வீடியோக்களில் காட்டுகிறார்கள். தோப்புக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அடியில் ஒன்பது அங்குலம் உரிமட்டை, அதன் இடுக்குகளில் வெட்டிய வாழைத்தண்டு, வேப்பஞ்சருகு, மேலே சாணிக் கரைசல் இரண்டு குடம். அதற்கு மேல் ஒன்பது அங்குலம் மண்ணும் தொழு உரமும் சரிபாதி: மண் 12 கன அடி 420 ரூபாய், உரம் எட்டு மூட்டை 640 ரூபாய். வண்டி வாடகையோடு 1,360. மூன்றிலும் குறைவு.

ஆனால் கணக்கு அதோடு முடியவில்லை. வைகாசியில் விளிம்பு வரை நிரப்பியது, ஐப்பசி மழை முடிந்து பார்த்தால் ஐந்து அங்குலம் இறங்கியிருந்தது. மறுபடி மண் 7 கன அடி, உரம் நாலு மூட்டை, 565 ரூபாய். ஆக 1,925. அதாவது செம்மண் பாத்தியைவிட 45 ரூபாய் அதிகம்! அடியில் சருகு போட்டால் பாதிக்குப் பாதி மிச்சம் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டாம் தவணையைச் சொல்வதில்லை.

முதல் மாதம் அரைக்கீரை வெளிறிப்போனது. சருகையும் மட்டையையும் மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை முதலில் தாங்கள் எடுத்துக்கொள்ளும், மிச்சம்தான் செடிக்கு. கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊற வைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து வாரம் ஒரு தடவை ஊற்றினேன். பதினைந்து நாளில் பச்சை திரும்பியது. கீரைக்குப் பதிலாகச் சுரையோ பூசணியோ போட்டுத் தொடங்கியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு புழு. மாசியில் கத்தரிச் செடி ஒன்று தொட்டதும் சாய்ந்தது. கிளறிப் பார்த்தால், கட்டைவிரல் பருமனில் வெள்ளையாக, செந்தலையோடு சுருண்டு கிடந்தன ஏழு புழுக்கள். காண்டாமிருக வண்டின் புழுக்கள். மட்கும் தென்னைக் கழிவும் சாணக்குழியும் அதற்குப் பிரசவ வார்டு. தென்னை இல்லாத இடத்தில் இது சின்னத் தொல்லை. தோப்புக்கு நடுவில் இருந்துகொண்டு அதை வளர்த்துவிட்டால் பக்கத்துக்காரரின் குருத்தைத்தான் வண்டு குடையும். மட்டை கொடுத்தவருக்கு அது நல்ல கைம்மாறு ஆகாது. இப்போது மாதம் ஒரு தடவை ஓரங்களைக் கிளறிப் பார்க்கிறேன். இந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சைத் தூளையும் கலந்திருக்கிறேன்.

இரண்டாம் கோடையில்தான் மூன்றாவது பாத்தி தன்னைக் காட்டியது. சித்திரையில் முதல் இரண்டுக்கும் தினமும் தண்ணீர் வேண்டியிருந்தது. இதற்கு மூன்று நாளுக்கு ஒரு தடவை போதும். உள்ளே கையை விட்டால் மட்டை கறுத்துப் பஞ்சாகி, மண்புழு நெளிகிறது. கிணறு வற்றும் ஊரில் எனக்கு இது 45 ரூபாயைவிடப் பெரியது.

யார் எதைப் போடலாம் என்று கேட்டால்: ஒரே ஒரு பாத்தி கட்டுகிறவர் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது வழிக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்கும் சேர்த்து 19 கன அடி மண்தான் தேவை, அதை நர்சரியில் மூட்டையாகவே வாங்கிவிடலாம்; டிராக்டர் நடைக்கு 3,500 அழ வேண்டியதில்லை. உரிமட்டை கிடைக்காத ஊரில் முருங்கைக் கிளை, கரும்புச் சோகை, எது கிடைக்கிறதோ அது. கரையான் அரிக்கும் இடத்தில் தடித்த காய்ந்த கட்டைகளைத் தவிருங்கள். நாலைந்து பாத்தி கட்டுகிறவருக்குத்தான் செம்மண் நடை கட்டுப்படியாகும், அதுவும் மண்ணை நேரில் பார்த்த பிறகு. உரச் செலவைக் குறைக்க ஊர்க் குப்பையை மட்க வைத்து உரமாக்கும் உள்ளாட்சிகளின் நுண் உர மையங்களில் கேட்கலாம், கையோடு ஒரு சல்லடை கொண்டுபோங்கள். கண்ணாடித் துண்டு கிடக்கும்.

மொட்டைமாடிக்கு இந்த மூன்றுமே ஆகாது. ஆள் ஏறும் மாடிக்கு இந்தியத் தர விதி வைத்திருக்கும் சுமைக் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. ஒன்றரை அடி ஈர மண் 700 கிலோவைத் தாண்டும். அங்கே கோகோபீட் கலவையைப் பைகளில் போட்டு, தூண், உத்தரம் இருக்கும் பக்கமாகத் தள்ளித் தள்ளி வைப்பதுதான் வழி.

அப்புறம், அந்த டிராக்டர் நடையில் மீந்த முப்பது கன அடி செம்மண் இன்னும் கொல்லைப்புற மூலையில்தான் குவிந்து கிடக்கிறது. தண்ணீர் விடுவதில்லை, உரம் போடுவதில்லை. கோரை முழங்கால் உயரம் நிற்கிறது.