கப்பலுக்கு முதல் நாளே போவதா, காப்புறுதியை நம்புவதா?

மார்கழி, தையில் திருகோணமலையிலிருந்து ரொறன்ரோ போகும் அம்மா அப்பாவை மயாமியில் கப்பலேற்றிக் கரீபியன் தீவுகளைக் காட்டப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் மயாமிக்கு எப்போது பறப்பது?

கப்பல் புறப்படும் அன்றே பறந்தால் ஓர் இரவு ஹோட்டல் காசு மிச்சம். ஏதும் நடந்தால் காப்புறுதி இருக்கிறதே என்பார்கள். சரி, அது காசைத்தான் தரும். பனிப்புயலில் ஓடுபாதை மூடினாலும், இறக்கையில் உறைந்த பனியை அகற்ற விமானம் வரிசையில் நின்றாலும் கப்பல் காத்திருக்காது. பல காப்புறுதித் திட்டங்களில், தாமதம் குறிப்பிட்ட மணிநேரத்தைத் தாண்டினால்தான் ஈடு. புயல் அறிவிப்பு வந்தபின் வாங்கினால் அந்தப் புயலுக்குப் பொதுவாக எதுவும் கிடைக்காது. கனடா விதிப்படி, வானிலையால் விமானம் ரத்தானால் விமான நிறுவனம் இழப்பீடு தர வேண்டியதில்லை; 48 மணிநேரத்துக்குள் வேறு விமானம் தர முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதற்குள் கப்பல் நடுக்கடலில்! அடுத்த துறைமுகத்தில் ஏறலாமென்றால், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்த நாட்டு விசா தேவைப்படலாம். பெற்றோருக்கு இந்த அலைச்சல் வேண்டவே வேண்டாம்.

கப்பல் புறப்படுவதற்கு முதல் நாளே போனால் ஓர் அறை வாடகையும் சாப்பாடும்தான் செலவு. மாரி மழையில் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக நாம் முதல் நாள் இரவே ரயில் ஏறுகிறோமே, அதே கணக்கு. தை மாதமென்றால் இரண்டு நாள் முன்னதாகப் போகச் சொல்வேன்.

அப்போதும் காப்புறுதி வேண்டும், முக்கியமாக மருத்துவச் செலவுக்கு. அப்பாவின் சீனி வருத்தம், பிரஷர் போன்ற பழைய நோய்களும் அதில் அடங்குமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.