கன்றுக்குப் பால் கொடுக்கும் புட்டி: வளையத்தைக் கழற்றிப் பாருங்கள்

இரண்டு லிட்டர் புட்டி. வெள்ளை பிளாஸ்டிக், சிவப்பு ரப்பர் நிப்பிள், பக்கத்தில் பிடி. கோபியில் ஒரு தீவனக் கடையில் 380 ரூபாய்க்கு வாங்கி ஒன்றரை வருஷம் ஆகிறது. கம்பெனிப் பெயர் எழுதவில்லை. கடைக்குக் கடை வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி இதே புட்டிதான் தொங்குகிறது.

எங்களிடம் கறவை மாடு ஏழு, எல்லாமே கலப்பினம். அதில் தலைச்சன் ஈன்ற ஒன்று கன்றைக் கிட்டவே விடாமல் உதைத்தது. அதனால்தான் புட்டி வாங்க வேண்டி வந்தது. சீம்பால் கொடுக்க இதைப் போல வசதி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயிற்றில் இருக்கும்போது தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கன்றுக்குப் போவதில்லை. பிறந்த பிறகு சீம்பாலில்தான் போக வேண்டும். அதையும் குடல் முதல் சில மணி நேரம்தான் நன்றாக வாங்கிக்கொள்ளும், ஒரு நாள் தாண்டினால் கதவைச் சாத்திவிடும். 28 கிலோ கன்றுக்கு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக முதல் நாளே உள்ளே போக வேண்டும். மடியில் விட்டால் எவ்வளவு குடித்தது என்று யார் கண்டது? புட்டியில் அளவுக் கோடு இருக்கிறது. (ஆறே மாதத்தில் அழிந்துவிட்டது. இப்போது நான் ஆணியால் கீறி வைத்திருக்கிறேன்.) வாளியில் தலையைக் கவிழ்த்துக் குடிப்பதைவிட, கழுத்தை நிமிர்த்திச் சப்பிக் குடித்தால் பால் நேராக நான்காவது வயிற்றுக்குப் போய்ச் சேரும். அதுவும் இதில் சரியாக அமைகிறது.

அப்புறம் போன மாசி மாதம். ஒரு கன்றுக்கு மூன்றாம் நாள் கழிச்சல். மஞ்சளும் வெள்ளையுமாகத் தண்ணீர் போல, வால் முழுக்க ஒட்டிக்கொண்டு. டாக்டர் வந்து கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டார். தோல் அப்படியே மடிந்து நின்றது. கண்ணும் உள்ளே போயிருந்தது. உப்பு, குளுக்கோஸ் கலந்த கரைசலை இரண்டு நாள் விடாமல் கொடுத்தோம், பிழைத்துக்கொண்டது. அதே வாரம் பிறந்த அடுத்த கன்றுக்கு அதே மூன்றாம் நாளில் அதே கழிச்சல். இது பிழைக்கவில்லை. சீம்பால் அளந்து கொடுத்தது, தொப்புளுக்கு டிஞ்சர் வைத்தது, வேறு மூலையில் கட்டியது. எங்கே தப்பு என்று எனக்குப் புரியவே இல்லை.

டாக்டர் புட்டியைக் கேட்டார். நிப்பிளை இறுக்கும் வளையத்தைத் திருகிக் கழற்றி, மரையில் விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார். பழுப்பாக, வழவழவென்று, புளித்த நாற்றத்தோடு ஒரு படலம். "ஏம்மா, இதுல நீங்க குடிப்பீங்களா?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. தினமும் புட்டியைக் கழுவினேன், வளையத்தைக் கழற்றியதே இல்லை.

பிறந்து நாலு நாளுக்குள் இப்படி வந்தால் பெரும்பாலும் ஈ.கோலி என்ற பாக்டீரியா, அதிலும் கே99 என்ற வகை என்றார் டாக்டர். சாணியைப் பரிசோதித்தால்தான் உறுதி. குடல் சுவரில் கொக்கி போட்டு ஒட்டிக்கொண்டு நஞ்சைக் கக்கும், அதில் உடம்பு நீரெல்லாம் குடலுக்கு வந்து வெளியே போகும். பெரிய மாட்டை ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் சாணியிலும் இருக்கலாம். கழிச்சல் கண்ட கன்றின் சாணியிலோ ஒவ்வொரு கிராமிலும் கோடிக்கணக்கில் இருக்கும். அந்தக் கன்றின் வாயில் இருந்த நிப்பிள் அடுத்த வாய்க்குப் போகிறது. நடுவில் மரைக்குள் பால் கசடு, வெதுவெதுப்பு, ஈரம். வசதி கிடைத்தால் ஈ.கோலி 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும். நான் காலை ஆறு மணிக்குப் பால் கொடுத்துவிட்டு மாலை நாலுக்குத்தான் புட்டியைத் தொடுவேன்.

ஆக, என் குறை இந்த மரைதான். ஆழமாக, நெருக்கமாக வெட்டியிருக்கிறார்கள். சாதாரண பிரஷ் உள்ளே போகாது. பழைய பல் பிரஷ்தான் கதி. கூட வரும் துண்டுச் சீட்டில் "வெந்நீரில் கழுவவும்" என்று ஒரே வரி. கொதிக்கிற தண்ணீரை முதலிலேயே ஊற்றினால் பால் பசை வெந்து ஒட்டிக்கொள்ளும். முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, பிறகு சோப்புப் போட்டுச் சூடான தண்ணீரில் தேய்த்து, மூன்று பாகமாகக் கழற்றி வெயிலில் கவிழ்த்து வைக்கிறேன். ஈரத்தோடு மூடி வைத்தால் கழுவியதே வீண்.

இன்னொரு விஷயம், நிப்பிளைத் தனியாக விற்பதில்லை. எட்டு மாதத்தில் ரப்பர் வெடித்தது, வெடிப்புக்குள்ளும் அதே படலம். புதுப் புட்டியே வாங்கச் சொன்னார்கள். சரி என்று மூன்றாக வாங்கினேன், கன்றுக்கு ஒன்று. மகள் நெயில் பாலிஷில் ஒவ்வொன்றிலும் கன்றின் பெயரை எழுதிவிட்டாள். கழிச்சல் உள்ள கன்று இருந்தால் அதற்குக் கடைசியில்தான் பால், அதன் பிறகு கையும் காலும் கழுவாமல் வேறு கன்றிடம் போவதில்லை. கழுவாத நிப்பிளைக் குழந்தைகள் தொடவும் விடுவதில்லை, கன்றின் கழிச்சல் கிருமிகளில் சில மனிதருக்கும் வரும்.

அதற்குப் பிறகு ஐந்து கன்று. ஒன்றுக்கு மட்டும் லேசாகக் கழிந்தது, பக்கத்துக் கன்றுக்கு வரவில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். மரையை அகலமாக வெட்டி, நிப்பிளைத் தனியாக விற்றால் நாலரை கொடுப்பேன். குறைத்த அந்த அரை, அழிந்துபோன கோட்டுக்கு.