அயர்லாந்து முன்னோரைத் தேடும் தளங்கள்: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

அயர்லாந்தில் குடும்ப வேரைத் தேடுபவர்களிடம் சந்தா வாங்கும் தளங்கள் பல உள்ளன. அவற்றில் சில தரும் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 ஜூலை முதலே எவருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கார்க் நகரில் வேலை பார்க்கும் நான், அமெரிக்காவின் பியூட் நகரத்தைச் சேர்ந்த சக ஊழியர் ஒருவருக்காகப் பியரா தீபகற்பத்துச் சல்லிவன் குடும்பம் ஒன்றைத் தேடியபோது பயன்படுத்திய சேவைகளை இங்கே மதிப்பிடுகிறேன். பியராவின் அலிஹீஸ் ஊரில் 1812இல் தொடங்கிய தாமிரச் சுரங்கத் தொழில் நலிந்தபோது, அங்கு வேலை பழகியவர்கள் மொன்டானா மாநிலத்துப் பியூட்டின் தாமிரச் சுரங்கங்களுக்குப் பெருமளவில் கப்பலேறினார்கள். எனவே இந்தத் தேடல் அமெரிக்காவில் கிளம்பி இங்கே வந்து முடிவது வழக்கமான ஒன்றுதான்.

தேவாலயப் பதிவேடுகளுக்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம், அரசு ஆவணங்களுக்கு நேர்ந்த கதி. 1861, 1871 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவங்களை அரசே அழித்துவிட்டது. 1881, 1891ஆம் ஆண்டுகளின் படிவங்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் காகிதக்கூழாகிப் போயின. 1821 முதல் 1851 வரையிலானவற்றில் பெரும்பகுதி, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்து ஆவணக் காப்பகத்தோடு எரிந்தது. முழுமையாக மிஞ்சியவற்றில் பழையவை 1901, 1911 கணக்கெடுப்புகள் மட்டுமே. அதே தீயில் புராட்டஸ்டன்ட் சபையான அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளிலும் பாதிக்கு மேல் போய்விட்டன. ஒரு காலத்தில் அரசுத் திருச்சபையாக இருந்ததால், அந்தச் சலுகையின் பின்விளைவாக அதன் ஏடுகள் காப்பகத்தில் சேர்க்கப்பட்டிருந்தன. அரசு மதிக்காத கத்தோலிக்கப் பங்குகளின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரங்களின்) ஏடுகளோ பங்குத்தந்தையர் வீட்டு அலமாரிகளிலேயே கிடந்ததால் பிழைத்துக்கொண்டன.

தேசிய நூலகத்தின் தளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் ஏடுகள், மூன்று லட்சத்து எழுபதாயிரத்துக்கும் அதிகமான படங்களாகக் கிடைக்கின்றன. 1740களில் தொடங்கி 1880 வாக்கில் முடியும் இந்த ஏடுகள் மைக்ரோஃபிலிமிலிருந்து எடுக்கப்பட்டவை. வரைபடத்தில் மாவட்டத்தையும் பங்கையும் தேர்ந்தெடுத்து, ஆண்டையும் மாதத்தையும் குறித்தால், பக்கம் நேராகத் திறக்கிறது. பதிவு செய்யவோ மின்னஞ்சல் கொடுக்கவோ வேண்டியதில்லை. பயன்பாட்டு எளிமையில் பல வணிகத் தளங்கள் இதனிடம் பாடம் கற்கலாம்.

குறை என்று சொன்னால், பெயரைத் தட்டித் தேட இங்கே வழியில்லை. எந்தப் பங்கு என்று தெரியாமல் வருபவருக்கு இந்தத் தளம் ஒன்றுமே தராது. மை மங்கிய பக்கங்களும், ஈரம் ஊறிய ஓரங்களும், அவசரமாக எழுதும் பாதிரியாரின் கையெழுத்தும் கண்ணைச் சோதிக்கும். லத்தீனில் எழுதப்பட்ட ஏடுகளில் ஜேம்ஸ் ‘யாகோபுஸ்’ ஆகவும் வில்லியம் ‘குலியெல்முஸ்’ ஆகவும் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. அயர்லாந்தின் மேற்குக் கிராமப்புறங்களில் பல ஏடுகள் 1820களுக்குப் பிறகே தொடங்குகின்றன என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். அதற்கு முந்திய தலைமுறைக்கு எந்தத் தளமும் ஏட்டைப் புதிதாக உண்டாக்கித் தராது.

ஆனாலும், ஏட்டின் மூலப்பக்கத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடில்லை. பியராவில் சல்லிவன் என்ற குடும்பப்பெயர் தடுக்கி விழுந்தால் தட்டுப்படும். போதாக்குறைக்கு, மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயரையும், அடுத்தவனுக்குத் தாய்வழித் தாத்தாவின் பெயரையும் வைக்கும் வழக்கம் அங்கே பரவலாக இருந்தது. நம் வீடுகளிலும் இது புதிதல்ல என்பதால், விளைவை ஊகிக்க நமக்குச் சிரமமில்லை: ஒரே தாத்தாவின் பேரன்களாக, ஒரே பங்கில், ஏறத்தாழ ஒரே வயதில் நான்கைந்து ஜான் சல்லிவன்கள் நிற்பார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டுபவை மூன்று. முதலாவது, ஞானஸ்நானப் பதிவில் வழக்கமாக எழுதப்படும் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயர். இரண்டாவது, ஞானஸ்நானத்தின்போது குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானப்பெற்றோரின் பெயர்கள். இவர்கள் பெரும்பாலும் மாமன், சித்தி, அத்தை என நெருங்கிய உறவினராகவே இருப்பார்கள். மூன்றாவது, டவுன்லேண்ட் எனப்படும், ஒரு கிராமத்துக்கும் சிறிய நிலப்பிரிவின் பெயர். இந்த மூன்றில் ஒன்றைக் கூட விட்டுவிட்டுப் படியெடுத்த அட்டவணை, பார்க்க ஒழுங்காக இருந்தாலும், தவறான தாத்தாவிடம் கொண்டுபோய் விட்டுவிடும்.

அட்டவணை தேவையே இல்லை என்று சொல்லவில்லை. அரசின் ஐரிஷ்ஜெனியாலஜி தளம், கெர்ரி மறைமாவட்டம், டப்ளின் நகரம், கார்க்கின் ஒரு பகுதி ஆகியவற்றின் தேவாலயப் பதிவுகளைப் பெயர்வழித் தேடலுடன் இலவசமாகத் தருகிறது. பியரா, கார்க் மாவட்டத்தில் இருந்தாலும் சமயவகையில் கெர்ரி மறைமாவட்டத்தைச் சேர்ந்தது என்பதால், எனக்கு இங்கேயே வேலை முடிந்தது. அதே தளத்தில் நூறாண்டு கடந்த பிறப்புகள், எழுபத்தைந்து ஆண்டு கடந்த திருமணங்கள், ஐம்பது ஆண்டு கடந்த இறப்புகள் ஆகியவற்றின் அரசுப் பதிவுகளும் உள்ளன. பிற மாவட்டங்களுக்கு ரூட்ஸ்அயர்லாந்து என்ற சந்தாத் தளம் உதவும். உள்ளூர் மரபாய்வு மையங்கள் படியெடுத்த பதிவுகள் அதில் இருக்கின்றன. ஊரையும் பெயர்களையும் அறிந்தவர்கள் படியெடுத்ததால், தொலைதூரத்தில் அமர்ந்து வேகமாக வாசித்து உருவாக்கிய அட்டவணைகளைவிட அதன்மீது எனக்கு நம்பிக்கை அதிகம். ஆனால் அது மூலப்பக்கத்தைக் காட்டாது. ஆகவே, உங்கள் பங்கு அதில் உண்டா என்று முதலில் பார்த்துவிட்டு ஒரு மாதச் சந்தா கட்டி, கிடைத்த நாள்களைக் குறித்துக்கொண்டு, தேசிய நூலகத்துக்குத் திரும்பிப் பக்கத்தைச் சரிபார்ப்பதே சிக்கனமான வழி. ஆண்டுச் சந்தாவுக்கு அவசியம் எனக்குத் தெரியவில்லை.

இனி கல்லறைக் கற்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அடக்கப் பதிவேடு வைத்திருந்தவை குறைவு. இறப்புகளை அரசு பதிவு செய்யத் தொடங்கியதோ 1864இல்தான். அதற்கு முன் இறந்த ஒரு கத்தோலிக்க விவசாயியின் இறந்த நாளைச் சொல்ல, கல் ஒன்றைத் தவிர வேறு சாட்சி பெரும்பாலும் இருக்காது. ஹிஸ்டாரிக் கிரேவ்ஸ் என்ற இலவசத் தளம் இந்த இடத்தில் அருமையான வேலையைச் செய்கிறது. ஊர்க்காரர்களே பயிற்சி பெற்று, தங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் கற்களைப் படமெடுத்து, வாசகத்தைப் படியெடுத்து, அமைவிடத்தோடு ஏற்றியிருக்கிறார்கள். எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. ஆர்வமுள்ள குழு இருந்த இடத்தில் கல்லறைத் தோட்டம் முழுவதும் கிடைக்கும், அடுத்த ஊரில் ஒன்றுமிருக்காது.

கிடைக்கும் கற்களில் நான் முதலில் தேடுவது, பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கற்களில் மனைவியின் பெயரோடு ‘அலியாஸ்’ என்று சேர்த்துப் பொறிக்கப்படும் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரை. அது ஞானஸ்நான ஏட்டிலுள்ள தாயின் பெயரோடு பொருந்தினால், கல்லும் ஏடும் ஒரே வீட்டைச் சொல்கின்றன என்று துணிவுடன் எழுதலாம். கல்லின் மேல்வரியில் கொட்டை எழுத்தில் இருப்பவர், பெரும்பாலும் இறந்தவரல்லர்; கல் எழுப்பக் காசு கொடுத்தவர். அவர் அமெரிக்கா போன மகனாக இருந்தால், அவர் வாழ்ந்த நகரத்தின் பெயரும் அங்கேயே கிடைப்பதுண்டு. ஏழைகளுக்கு வயலில் கிடந்த எழுத்தில்லாத கல்லே நடப்பட்டது என்பதால், தளத்தில் பெயர் இல்லை என்பது அந்த இடத்தில் அடக்கம் இல்லை என்று ஆகாது.

கல்லில் பொறித்த வயதை மட்டும் நம்பிவிட வேண்டாம். எழுபது வயதானோருக்கு ஓய்வூதியம் வழங்கும் சட்டம் 1908இல் வந்தபின், 1901க்கும் 1911க்கும் இடையில் பத்தாண்டுகளுக்கு மேல் மூத்துப்போன முதியவர்கள் கணக்கெடுப்பில் ஏராளம். அந்தக் கூடுதல் வயது கல் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கலாம். நேரில் போகிறவர்கள், கம்பித் தூரிகை, சுண்ணக்கட்டி, மாவு எதையும் கல்லின்மேல் பயன்படுத்தக் கூடாது. தேய்ந்த எழுத்து தெரிய, சாய்வாக விழும் மாலை வெயிலோ, பக்கவாட்டில் பிடித்த டார்ச் வெளிச்சமோ போதும்.

கடைசியாக, கட்டணம் வாங்கிக்கொண்டு முழுத் தேடலையும் செய்து தரும் தனியார் ஆய்வாளர்களைப் பற்றி. என் சக ஊழியர் ஏற்கெனவே ஒருவரிடம் பணம் கொடுத்துப் பெற்றிருந்த அறிக்கை, பளபளப்பான அட்டையுடன் ஐந்து தலைமுறைகளை வரிசைப்படுத்தியிருந்தது. ஆனால், அதில் மூன்றாம் தலைமுறை ஜான் சல்லிவனின் தாய்க்குக் கொடுக்கப்பட்டிருந்த குடும்பப்பெயர், ஏட்டின் பக்கத்தில் இருந்ததோடு பொருந்தவில்லை. அதாவது அடுத்த டவுன்லேண்டைச் சேர்ந்த இன்னொரு ஜானை இந்தக் குடும்பத்தோடு ஒட்டிவிட்டார்கள். நல்ல ஆய்வாளர்கள் இல்லாமலில்லை. ஒப்பந்தம் செய்யும் முன்பே, ஒவ்வொரு தலைமுறைக்கும் ஏட்டின் பெயர், பதிவின் நாள், பக்கத்தின் படம், ஞானப்பெற்றோர் பெயர்கள் ஆகியவற்றைத் தருவதாக எழுத்தில் கேளுங்கள். தயங்குபவருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.